பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை? நோட்டில் எழுதிக் கண்டுபிடிப்போம்



சேமிப்பு, சந்தா, உள்கடன், வங்கிக் கடன் என்று மாதாமாதம் பேசுகிறோம். இந்த இதழில் நம் வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றையும் மூச்சையும் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். உணவில் சேர்க்கும் கலர், கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்துப் பொடி, ருசிக்குச் சேர்க்கும் உப்பு ஆகியவை சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்தப் பாடம். முதலில் நம் கூட்டமைப்பில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இதில் நான் செய்த தவறும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமைக் கதை

நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு ஐந்து வயது. அங்கன்வாடிக்குப் போகிற பிள்ளை. அடிக்கடி ராத்திரியில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம், மூச்சிரைப்பு. பாட்டி "சூடு" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் "பூச்சித் தொல்லை" என்றார். "கண்ணு பட்டிருக்கு" என்று சுற்றிப் போட்டவர்களும் உண்டு. முட்டை ஆகாது, மீன் ஆகாது, வாழைப்பழம் சளி, பால் கபம் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல, அந்தத் தாய் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தார்.

அந்தச் சமயம்தான் அவர்கள் குழுவில் நான் ஒரு கூட்டம் போட்டேன். கடையில் விற்கும் கலர் மிட்டாய், பொட்டலத் தீனி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, "இது எல்லாமே கெமிக்கல், எல்லாமே விஷம், பாக்கெட்டில் வர்ற எதையும் பிள்ளைக்குக் கொடுக்காதீங்க" என்று பேசிவிட்டு வந்தேன். கைதட்டினார்கள். எனக்கும் திருப்தி. ஆனால் அந்தத் தாய் அதைக் கேட்டுவிட்டு, பாக்கெட்டில் வருகிறது என்பதற்காக அங்கன்வாடியில் தருகிற சத்துமாவையும் நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் பிள்ளை 1 கிலோ எடை குறைந்திருந்தாள். அங்கன்வாடிப் பணியாளர் வளர்ச்சி அட்டையைக் காட்டி என்னைக் கேட்டார்: "மேடம், நீங்க என்ன சொல்லிட்டுப் போனீங்க?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. மூச்சிரைப்பும் நிற்கவில்லை, பிள்ளையும் இளைத்துவிட்டாள்.

பிறகு தாயும் நானும் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "இது ஆஸ்துமா மாதிரி இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில குழந்தை டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்று எழுதிக் கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார். "எதைச் சாப்பிட்டா வருதுன்னு ஊகம் பண்ணாதீங்க. மூணு வாரம் எழுதுங்க."

எழுதினோம். பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுத்து கொஞ்சம் தடுமாறும். எட்டாவது படிக்கும் மூத்த மகன் எழுதினான். மூன்றாம் வாரம் நோட்டைப் புரட்டியபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. மூச்சிரைப்பு வந்த நாட்களில் இரண்டு வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் வரவில்லை. அன்று ஊரில் ஒரு துக்கம், குழுக் கூட்டம் நடக்கவில்லை. இன்னொரு நாள், மழை பெய்து குளிர்ந்த ராத்திரி.

வெள்ளிக்கிழமை என்றால் குழுக் கூட்டம். கூட்டத்துக்கு அம்மாவோடு வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் எலுமிச்சை ஸ்குவாஷ் கலக்கிக் கொடுப்பார்கள். அது நம் குழுவே தயாரித்து விற்கும் ஸ்குவாஷ். இதே பிள்ளை வீட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடித்த நாட்களும் நோட்டில் இருந்தன. அன்றெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஊக்குநருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடன் வாங்கி, பயிற்சி எடுத்து, வீடு வீடாப் போயி வித்துக்கிட்டு இருக்கோம். நம்ம பொருளையே நாமளே குத்தம் சொன்னா யாரு வாங்குவா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தத் தாய் அழுதுவிட்டார். "நான் குத்தம் சொல்லலக்கா. எம்புள்ள ராத்திரி மூச்சு விட முடியாம உக்காந்திருக்கா. நோட்டுல இருக்கிறதத்தான் சொல்றேன்" என்றார்.

அப்புறம் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

சேர்மானம் என்றால் என்ன?

நாம் வீட்டில் ஊறுகாய்க்கு உப்பும் எண்ணெயும் தாராளமாக ஊற்றுகிறோம். மஞ்சள் பொடி போடுகிறோம். இதுவும் கெடாமல் இருக்கவும் நிறத்துக்கும்தான். தொழிற்சாலையில் இதே வேலைக்கு வேறு பொருட்களைச் சேர்க்கிறார்கள். அவற்றுக்கு உணவுச் சேர்மானம் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் உலக அளவில் ஓர் எண் உண்டு. அதை ஐ.என்.எஸ். எண் என்பார்கள். பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அந்த எண் இருக்கும்.

இதில் மூன்று வகையைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, அனுமதிக்கப்பட்டவை. சட்டம் சொல்லும் அளவுக்குள் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை ஒன்றும் செய்வதில்லை. "எல்லாமே விஷம்" என்று நான் சொன்னது தவறு. ஆனால் சில பிள்ளைகளுக்கு மட்டும் அந்த அளவே ஒத்துக்கொள்ளாமல் போகும்.

இரண்டு, அனுமதிக்கப்பட்டதை அளவு மீறிப் போடுவது, அல்லது போடக்கூடாத பண்டத்தில் போடுவது.

மூன்று, உணவில் சேர்க்கவே கூடாதவை. பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் இருப்பதைக் கண்டுபிடித்து 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், பிறகு தமிழ்நாட்டிலும் அந்த மிட்டாய்க்குத் தடை போட்டார்கள். அது துணிக்குப் போடுகிற சாயம். இதில் ஒத்துக்கொள்ளும், ஒத்துக்கொள்ளாது என்ற பேச்சே இல்லை. எந்தப் பிள்ளைக்கும் ஆகாது.

அலர்ஜி வேறு, ஒத்துக்கொள்ளாமை வேறு

வேர்க்கடலை, முட்டை, பால், இறால் போன்ற உணவே சில பிள்ளைகளுக்கு எதிரியாகிவிடும். இது அலர்ஜி. கடுகளவு சாப்பிட்டாலும் சில நிமிடங்களில் உதடு வீங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். சேர்மானங்களால் வருவது பெரும்பாலும் அப்படி அல்ல. அது அளவைப் பொறுத்தது. ஒரு மிட்டாய்க்கு ஒன்றும் ஆகாது, திருவிழாவில் ஐந்து வகை தின்றால் தடிப்பு வரும். அதனால்தான் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சேர்மானம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு. மஞ்சள் நிறத்துக்குப் போடும் டார்ட்ரசின் என்ற கலரால் தோலில் தடிப்பு வருவது 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. ஆகவே பிள்ளைக்குத் தடிப்போ வயிற்றுப்போக்கோ வந்தவுடன் "கலர்தான் காரணம்" என்று முடிவு கட்ட வேண்டாம். கிருமி, குடற்புழு, சளி, தூசி, அடுப்புப் புகை என்று வேறு காரணமே அதிகம்.

எதில் என்ன இருக்கிறது, என்ன செய்யும்?

நமக்கு ஆங்கிலம் வாசிக்க வராவிட்டாலும் எண் வாசிக்கத் தெரியும். பாஸ் புத்தகம் பார்க்கிற கண்ணுக்கு இது பெரிய காரியம் இல்லை. கீழே உள்ள எண்களை ஒரு துண்டு அட்டையில் எழுதிக் கடைக்குப் போகும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கலர்கள்: 102, 110, 122, 124. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்குப் போடுவது. கேசரிப் பவுடர், ஜிலேபி, கலர் பூந்தி, ஜெல்லி, குச்சி ஐஸ், கலர் குளிர்பானம், கலர் மிட்டாய் ஆகியவற்றில் இருக்கும். சில பிள்ளைகளுக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வரலாம். சில பிள்ளைகளுக்குத் துறுதுறுப்பு கூடலாம்.

கெடாமல் இருக்கப் போடும் பென்சோயேட்: 211. குளிர்பானம், சாஸ், ஜாம், திராட்சை ஸ்குவாஷ், சில ஊறுகாய்களில் இருக்கும்.

சல்பைட்: 220 முதல் 228 வரை. எலுமிச்சை, ஆரஞ்சு, மாம்பழ ஸ்குவாஷ், பொன்னிறமாக இருக்கும் உலர்ந்த திராட்சை, உலர்ந்த பழங்களில் இருக்கும். பயிற்சியில் நமக்குக் கொடுத்த கே.எம்.எஸ். பொடி, அதாவது பொட்டாசியம் மெட்டா பை சல்பைட், 224. வெல்லத்தை வெளிர் மஞ்சளாக்கப் போடும் ஹைட்ராஸும் இதே குடும்பம்தான். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளில் சிலருக்கு இது மூச்சிரைப்பைக் கிளப்பும். சேர்மானங்களிலேயே நாம் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். புளிப்பான பானத்தில் போட்டால் இதிலிருந்து கந்தக வாயு கிளம்பும். ஸ்குவாஷ் பாட்டிலைத் திறந்தவுடன் மூக்கில் நெடி ஏறுகிறதே, அதுதான். குடிக்கும்போது அந்த வாயு மூச்சோடு உள்ளே போய், ஏற்கெனவே மென்மையாக இருக்கும் மூச்சுக்குழலைச் சுருக்கிவிடுகிறது.

இது சாதாரண விஷயம் அல்ல. அமெரிக்காவில் காய்கறி வாடாமல் இருக்க இதைத் தெளித்துச் சாப்பிடக் கொடுத்ததில் ஆஸ்துமாக்காரர்கள் சிலர் இறந்தே போனார்கள். அதனால் பச்சையாகச் சாப்பிடும் காய், பழங்களில் சல்பைட் போடுவதை 1986ல் அந்த நாடு தடை செய்தது.

ருசி உப்பு: 621. பலரும் இதைத்தான் பெரிய வில்லனாகச் சொல்கிறார்கள். ஆனால் சாப்பாட்டோடு கொஞ்சமாகச் சேரும்போது கெடுதல் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதில் உள்ள குளுட்டமேட் தக்காளியிலும் இயற்கையாகவே இருக்கிறது. உங்கள் நோட்டில் இது தொடர்ந்து மாட்டினால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வீண் பயம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இருமல் மருந்து, காய்ச்சல் மருந்து ஆகிய சிரப்புகளிலும் கலர் இருக்கும். ரோஸ், ஆரஞ்சு நிறத்தில் வருவதெல்லாம் அதுதான். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். "இந்தக் கலர் பிள்ளைக்கு ஒத்துக்கல" என்று டாக்டரிடம் சொன்னால் வேறு எழுதித் தருவார்.

"கலர் மிட்டாய் தின்னா ஆட்டம் போடுறான்"

இந்தக் கேள்வியைக் கேட்காத குழு இல்லை. 1970களில் அமெரிக்காவில் ஃபைன்கோல்ட் என்ற டாக்டர் இதை முதலில் பெரிதாகப் பேசினார். பலர் ஏற்கவில்லை. பிறகு 2007ல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். 3 வயதுப் பிள்ளைகளும் 8, 9 வயதுப் பிள்ளைகளுமாக 297 பேர். சில வாரம் கலரும் பென்சோயேட்டும் கலந்த பானம், சில வாரம் அதே ருசியில் எதுவும் கலக்காத பானம். எந்த வாரம் எது என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. கலர் குடித்த வாரங்களில் துறுதுறுப்பு சராசரியாகக் கொஞ்சம் கூடியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்குக் கூடியது, சிலருக்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு ஐரோப்பிய நாடுகளில் 2010 ஜூலை முதல், அந்த ஆறு கலர்களில் ஏதாவது சேர்த்த உணவில் "குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம்" என்ற பொருளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தது. நான் மேலே சொன்ன 102, 110, 122, 124 நான்கும் அந்த ஆறில் அடக்கம்.

ஆகவே அம்மாக்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எப்போதும் உட்கார முடியாமல், பாடத்தில் மனம் நிற்காமல், எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும் பிள்ளைக்குக் கலரை நிறுத்தினால் மட்டும் சரியாகாது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். அடித்துத் திருத்துகிற விஷயம் அல்ல அது.

கண்டுபிடிக்கும் வழி: ஆறு படிகள்

1. முதலில் டாக்டர். எடை பார்த்து, நெஞ்சு பார்த்து, வேறு நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

2. நோட்டு. மூன்று வாரம் எழுதுங்கள். ஆறு கட்டம் போதும்: தேதியும் கிழமையும், சாப்பிட்டது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, உடம்பில் என்ன வந்தது, எத்தனை நேரம் கழித்து. ஓரத்தில் மழை, குளிர், புகை, சளி, கொடுத்த மருந்து ஆகியவற்றையும் குறியுங்கள். எழுத வராதவர்கள் படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லலாம், படம் போடலாம். நல்லா இருந்த நாளையும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமையில் வராத நாள்தான் எங்களுக்கு உண்மையைச் சொன்னது.

3. உறையைத் தூக்கிப் போடாதீர்கள். பிள்ளை தின்ற மிட்டாய், பிஸ்கட் உறையை ஒரு பையில் போட்டு வையுங்கள். உறையே இல்லாத பண்டம் என்றால் கடையின் பெயரை எழுதுங்கள்.

4. சந்தேகப்பட்டதை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு முதல் நான்கு வாரம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் எது காரணம் என்றே தெரியாது. பால், முட்டை, மீன், பருப்பு, கடலை, கீரை ஆகியவற்றை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பாருங்கள்.

5. திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. லேசான அரிப்பு, துறுதுறுப்பு போன்றவற்றுக்கு மட்டும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம். மறுபடி வந்தால் காரணம் அதுதான். வராவிட்டால் அதை விடுங்கள், பிள்ளை சாப்பிடட்டும். மூச்சிரைப்போ முகவீக்கமோ வந்த பிள்ளைக்கு இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

6. எல்லோருக்கும் சொல்லுங்கள். அங்கன்வாடி, பள்ளி ஆசிரியர், பாட்டி, மாமா, பக்கத்துக் கடைக்காரர். "எம்புள்ளைக்கு இது ஆகாது" என்று முன்கூட்டியே சொல்வதில் வெட்கம் இல்லை.

உடனே 108க்கு அழைக்க வேண்டிய அறிகுறிகள்

உதடு, நாக்கு, முகம் வீங்குவது. மூச்சு விடும்போது விலா உள்ளே இழுப்பது. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறுவது. உதடு நீலம் பாய்வது. குரல் கம்முவது. உடம்பெல்லாம் தடிப்போடு வாந்தி. மயக்கம். இதில் ஒன்று வந்தாலும் நோட்டும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம். கூட்டமைப்பின் அவசரக் கடனுக்குக் கையெழுத்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் ஆஸ்பத்திரி.

சமாளிப்பது எப்படி?

கலருக்குப் பதில்: கேசரிக்கு ஒரு சிட்டிகை மஞ்சள், அல்லது இரண்டு ஸ்பூன் பீட்ரூட் சாறு. வெள்ளையாகச் செய்தாலும் ருசி குறையாது, கண்ணுக்குத்தான் பழக்கம் வேண்டும். பஜ்ஜி மாவில் கலர்ப் பொடி வேண்டாம், மிளகாய்த்தூள் நிறமே போதும்.

கடைத் தீனிக்குப் பதில்: பொரி உருண்டை, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், அவல், சுண்டல், பனங்கிழங்கு, கொய்யா, வாழைப்பழம். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கடலை மட்டும் கூடாது.

வெல்லம்: பளபளவென்று வெளிர் மஞ்சளாக இருப்பதைத் தேடாதீர்கள். கரும்பழுப்பாக இருப்பதே நல்லது.

பச்சைப் பட்டாணி: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். தண்ணீர் பச்சையானால் சாயம் ஏற்றியது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். தொடர்ந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் குழுவின் பெயரில் மனு கொடுக்கலாம்.

பிள்ளையின் மனசு: இதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். திருவிழாவில் எல்லாப் பிள்ளையும் மிட்டாய் தின்னும்போது நம் பிள்ளை மட்டும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. கையில் ஏதாவது ஒன்று நாம் கொண்டுபோக வேண்டும். "நோயாளிப் புள்ள" என்று பேர் வைத்துக் கூப்பிடவும் கூடாது. அதுவும் பெண் பிள்ளை என்றால் அந்தப் பேர் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும்.

அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள்?

பெரிய ஆஸ்பத்திரியில் ஆஸ்துமா என்று உறுதி செய்தார்கள். நோட்டைப் பார்த்த குழந்தை டாக்டர், சல்பைட் சேர்ந்த பானம், உலர்ந்த பழம் வேண்டாம் என்று சொல்லி, உறிஞ்சும் மருந்து கொடுத்தார். "பம்பு வச்சா பழகிப்போயிடுமாமே" என்று பாட்டி பயந்தார். பழகாது. டாக்டர் சொல்லும்வரை அதை நிறுத்தக் கூடாது. ஸ்குவாஷ் ஆஸ்துமாவை உண்டாக்கவில்லை. இருக்கிற ஆஸ்துமாவைக் கிளப்பியது, அவ்வளவுதான். மழைக்குளிரும் புகையும்கூடக் கிளப்பும். அதனால் ஸ்குவாஷை நிறுத்தினாலும் மருந்து தொடர்கிறது. முட்டையும் பாலும் சத்துமாவும் திரும்ப வந்துவிட்டன. இழந்த 1 கிலோவைப் பிள்ளை மீட்டுவிட்டாள்.

குழுவில் என்ன நடந்தது? அடுத்த கூட்டத்தில் ஊக்குநரே கே.எம்.எஸ். டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். "எவ்வளவு போடுறோம்னு பாத்துருவோம்" என்றார். பயிற்சியில் சொன்னது 10 கிலோ ஸ்குவாஷுக்கு 6 கிராம். நாங்கள் போட்டுக்கொண்டிருந்தது "குவிச்சு ரெண்டு ஸ்பூன்". நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் இரண்டு மடங்குக்கும் மேலே வந்தது. யாரும் பேசவில்லை. மழைக்காலத்தில் கெட்டுப்போகக் கூடாதே என்று கூடப் போட்டதுதான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் அதுவரை வாங்கிக் குடித்த வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அன்று தீர்மானப் புத்தகத்தில் மூன்று தீர்மானம் எழுதினார்கள். ஒன்று, சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கி, நிறுத்துத்தான் போடுவது. இரண்டு, பாட்டில் சீட்டில் "சல்பைட் (224) சேர்ந்தது, ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கவும்" என்று தமிழில் பெரிதாக அச்சிடுவது. மூன்று, கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாட்டில் ஸ்குவாஷ் வேண்டாம், பழம் பிழிந்து கொடுப்பது. "சீட்டுல இப்படிப் போட்டா யாவாரம் படுத்துரும்" என்று ஒரு உறுப்பினர் தயங்கினார். கொஞ்சம் குறையத்தான் செய்தது. பிறகு பள்ளி ஆசிரியர் ஒருவர், "உள்ளதைச் சொல்லி விற்கிறீங்க" என்று தம் வீட்டு விசேஷத்துக்கு மொத்தமாக வாங்கினார். சரியான அளவு போட்டாலும் அந்தப் பிள்ளைக்கு அது ஆகாதுதான். அதற்குத்தான் சீட்டு.

நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். பயமுறுத்திப் பேசினால் கைதட்டு கிடைக்கும். ஆனால் பயந்த தாய் எதை நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறாள். படிப்பு எனக்கு இருக்கிறது என்றாலும், பிள்ளையை ராத்திரி முழுக்க மடியில் வைத்திருந்தவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அதை எழுதிவைக்க ஒரு நோட்டு மட்டுமே அவருக்குத் தேவைப்பட்டது.

நினைவில் வைப்போம்

* ஊகம் வேண்டாம், நோட்டில் எழுதுவோம்.
* சத்தான உணவை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த மாட்டோம்.
* 102, 110, 122, 124, 211, 220 முதல் 228: இந்த எண்களைத் தெரிந்துவைப்போம்.
* ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குச் சல்பைட் விஷயத்தில் தனிக் கவனம்.
* முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே 108.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் இரண்டு தீனி உறைகளைக் கொண்டுவாருங்கள். எண்களைத் தேடுவோம். யார் உறையில் அதிகம்?
2. நம் குழுவில் மூச்சிரைப்பு, அடிக்கடி தடிப்பு வரும் பிள்ளைகள் எத்தனை பேர்? டாக்டரிடம் காட்டாதவர்கள் யார்? யார் கூடப் போவது?
3. நாம் தயாரித்து விற்கும் ஜாம், ஊறுகாய், ஸ்குவாஷ், அப்பளம், மசாலாப் பொடி ஆகியவற்றில் என்ன சேர்க்கிறோம்? அளந்து போடுகிறோமா, கண் அளவா? சீட்டில் எழுதியிருக்கிறோமா?
4. பிறந்த நாள், சடங்கு, திருவிழாவில் கலர் இல்லாமல் என்ன பலகாரம் செய்யலாம்? தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நீங்கள் பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நல்ல பலகாரக் குறிப்பு வந்தால் உங்கள் குழுவின் பெயரோடு இதே பக்கத்தில் போடுவோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்